பட்டியும் இடைச்செருகலும்

சில மாதங்களுக்கு முன் தூத்துக்குடியில் ஒரு நூல் விமர்சனக் கூட்டம் முடிந்து தேநீர்க் கடையில் நின்றுகொண்டிருந்தோம். நான் பெரிதும் மதிக்கும் விமர்சக நண்பர் ஒருவர் என் விரல்களைப் பார்த்துவிட்டார். நகக்கண்களில் செங்காவி நிறத்தில் ஏதோ படிந்திருந்தது. என்ன என்று விசாரித்தார். 1997இல் பதிவான மாருதி 800 ஒன்றை வாங்கி, வீட்டு முற்றத்தில் நிறுத்தி, மாலை வேளைகளில் அதன் துருவை நீக்கிக்கொண்டிருக்கிறேன் என்றேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். "பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் தருவான் சார், வாங்கித் தின்றுவிட்டு உருப்படியாக ஒரு கட்டுரை எழுதுங்கள்" என்றார் ஓர் இளம் கவிஞர்.

விமர்சக நண்பர் கேலி செய்யவில்லை. அவர் வழக்கப்படி மூன்று குற்றச்சாட்டுகளை வரிசையாக வைத்தார். முதலாவது, இது நினைவேக்கம். இறந்த காலத்துக்குச் சாயம் பூசும் வேலை. இரண்டாவது, இது வீண். காலாவதியான, புகை கக்கும், பாதுகாப்பற்ற ஒரு பொருளின் மீது பணத்தையும் நேரத்தையும் கொட்டுவது. மூன்றாவது, இது போலி; உழைப்பாளி வயிற்றுக்காகச் செய்யும் வேலையைச் சம்பளக்காரர் பொழுதுபோக்காகச் செய்து பெருமைப்பட்டுக்கொள்வது. அன்று நான் பதில் சொல்லவில்லை. மூன்றும் எளிதில் தள்ளிவிடக்கூடிய குற்றச்சாட்டுகள் அல்ல. ஆனால் மூன்றுமே காரின் மேற்பூச்சைப் பார்த்துச் சொல்லப்பட்டவை என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. அடித்தகரத்தைப் பார்த்த பிறகு நான் வந்து சேர்ந்த முடிவுகள் வேறு.

*

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். வண்டியை ஒரு தரகர் மூலம் வாங்கினேன். வெளிர்நீலப் பூச்சு கண்ணாடிபோல் மின்னியது. என்ஜினிலும் குறையில்லை. மூன்று சிலிண்டர், 796 சி.சி., கார்புரேட்டர், சாவியைத் திருப்பியவுடன் உயிர்பெற்றது. இரண்டாவது வாரம் முன்சக்கரத்தைக் கழற்றுவதற்காக ஜாக்கியை அதற்குரிய இடத்தில் வைத்து உயர்த்தினேன். சக்கரம் எழவில்லை. ஜாக்கி மட்டும் மேலே போனது. பொரித்த அப்பளத்தை நசுக்கினாற்போல ஓர் ஓசை. கதவுக்குக் கீழே ஓடும் ரன்னிங் போர்டு உள்வாங்கி உடைந்து, வெள்ளையும் சாம்பலுமாகக் கட்டிகள் தரையில் உதிர்ந்தன. இரும்பு என்று நான் நம்பிய இடத்தில் விரற்கடை கனத்துக்குப் பட்டி இருந்தது. பட்டிக்குப் பின்னால் அடைத்து வைத்திருந்த செய்தித்தாள் இருந்தது. அதற்கும் பின்னால் துருத்தூள் இருந்தது. தகரம் இல்லை.

அந்த இடத்திலிருந்து ஒரு சாண் தள்ளித்தான் முன்னிருக்கை சீட் பெல்ட்டின் கீழ்ப்பிடி முடுக்கப்பட்டிருந்தது. அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை என் மகளை அந்த இருக்கையில் உட்காரவைத்து, "பெல்ட்டைப் போட்டுக்கொள்ளம்மா" என்று அக்கறையாகச் சொல்லித் திருச்செந்தூருக்கு அழைத்துப் போய் வந்திருந்தேன். அந்தப் பெல்ட்டின் மறுமுனை எதில் நின்றது என்று எண்ணிய இரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

மறுநாள் டிங்கர் வேலை செய்யும் பெரியவர் ஒருவரை அழைத்து வந்தேன். அறுபதைத் தாண்டியவர். கால்மிதிகளை எடுத்தெறிந்தார். மெல்லிய துணியில் பொதிந்த ஒரு காந்தத்தை வண்டியின் உடல் முழுக்க நகர்த்தினார். ஒட்டிய இடங்களைத் தாண்டிப் போனார். ஒட்டாமல் நழுவிய இடங்களில் சாக்கட்டியால் வட்டமிட்டார். பதினோரு வட்டங்கள். பிறகு நிமிர்ந்து சொன்னார்: "வண்டி தகரத்துல நிக்கல சார், பட்டியில நிக்கு."

இதுகாறும் நான் படித்த விமர்சனக் கட்டுரைகளில் இவ்வளவு சுருக்கமான, இவ்வளவு நேர்மையான மதிப்பீட்டைக் கண்டதில்லை. இதைக் கேலியாகச் சொல்லவில்லை.

*

துருவைப் பற்றி நம்மிடம் ஒரு தத்துவக் குழப்பம் இருக்கிறது. சைவ சித்தாந்தம் ஆணவ மலத்துக்குச் செம்பின் களிம்பை உவமையாகக் காட்டும். செம்போடு உடன்தோன்றியது களிம்பு, உள்ளேயே இருப்பது, இரசவாதக் குளிகையால்தான் நீங்கும். இந்த உவமையிலேயே ஊறியதாலோ என்னவோ, இரும்பின் துருவையும் தவிர்க்க இயலாத விதியாக, முதுமையின் அடையாளமாக நாம் எடுத்துக்கொள்கிறோம். 'பழசானால் துருப்பிடிக்கத்தானே செய்யும்' என்கிறோம்.

இது தவறு. இரும்பு முதுமையால் துருப்பிடிப்பதில்லை. நீரும் காற்றும் சேர்ந்து படுவதால் துருப்பிடிக்கிறது. உப்பு அந்த வினையை விரைவுபடுத்துகிறது. உப்பு கரைந்த ஈரத்தில் மின்னோட்டம் எளிதாக நடப்பதால் இரும்பின் ஓரிடம் கரைந்து மற்றோரிடம் தப்புகிறது. எங்கள் ஊர் உப்பளங்களின் ஊர்; காற்றே உப்பு. செம்பில் படியும் பச்சைப் படலம் பெரும்பாலும் ஒட்டிக்கொண்டு அடியிலிருக்கும் உலோகத்தைக் காக்கும். இரும்பின் துரு காப்பதில்லை. அது தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொண்டு, பொருக்குப் பொருக்காக உரிந்து, ஈரத்தைக் கடற்பஞ்சுபோல் பிடித்து வைத்து, அடுத்த அடுக்கைத் தின்னத் தொடங்கும். ஈழத்தமிழர் இதைக் 'கறள்' என்பர். அச்சொல்லின் ஓசையிலேயே அந்தக் கரகரப்பு இருக்கிறது.

வட்டமிட்ட பதினோரு இடங்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் மிகச் சாதாரணமானது. கதவுகளின் அடியிலும் ரன்னிங் போர்டிலும் நீர் வடிவதற்கென்றே சிறு துளைகள் விட்டிருக்கிறார்கள். அவை மண்ணால் அடைபட்டிருந்தன. சில துளைகளின் மேல் யாரோ பூச்சே பூசியிருந்தார்கள். மழைநீர் உள்ளே போனது, வெளியே வர வழியில்லை. ரப்பர் மிதியடிக்கும் தரைத்தகரத்துக்கும் இடையில் ஈரம் ஆண்டுக்கணக்கில் உறங்கியது. ஒரு துண்டுக் கம்பியால் ஆண்டுக்கு ஒருமுறை குத்திவிட்டிருந்தால் இவற்றில் பாதி தப்பியிருக்கும். செய்தவரின் குறையோ விதியோ அன்று இது. கவனமின்மை, அந்தக் கவனமின்மையின் மேல் பூசப்பட்ட பொய்.

*

'பட்டி' என்ற அந்தப் பொய்யைப் பற்றித்தான் நான் பேச விரும்புகிறேன்.

பட்டி தன்னளவில் குற்றமற்ற பொருள். நல்ல தகரத்தில் விழுந்த சிறு குழியைச் சமப்படுத்த மெல்லிய படலமாக இழுக்கப்படும் வரை அது தன் வேலையைச் செய்கிறது. துருவின் மேல் அதை அப்பும்போது என்ன நிகழ்கிறது? பட்டி நுண்துளைகள் கொண்டது, ஈரத்தை இழுக்கும். அடியில் துரு தொடர்ந்து வளரும். வெளியே பார்ப்பவருக்கு ஓரிரு மழைக்காலங்கள் வரை எதுவும் தெரியாது. அதற்குள் வண்டி கைமாறிவிடும். அதாவது, பட்டி நோயைக் குணப்படுத்தாதது மட்டுமன்று. நோய் இருக்கிறது என்ற செய்தியையே அழித்துவிடுகிறது.

தமிழ் படித்தவர்களுக்கு இது புதிய கதை அன்று. ஏட்டில் செல்லரித்த இடம் ஒன்று வருகிறது. பதிப்பாசிரியர் முன் இரண்டு வழிகள். சிதைவைச் சிதைவென்றே காட்டலாம். அல்லது தாமே ஓர் அடியை இயற்றிப் பொருத்தி ஓசை கெடாமல் வாசகர் கையில் கொடுத்துவிடலாம். உ.வே.சாமிநாதையர் 1894இல் புறநானூற்றை வெளியிட்டபோது சிதைந்த இடங்களைச் சிதைந்தவையாகவே விட்டார். 267, 268ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை; இன்றுவரை அந்த எண்களுக்கு எதிரே வெற்றிடந்தான். அவருடைய யாப்புப் பயிற்சிக்கு இரண்டு புறப்பாட்டுகளை எழுதிச் சேர்ப்பது கடினமாக இருந்திருக்குமா? சேர்த்திருந்தால் நாம் நானூறும் முழுமையாக இருக்கின்றன என்று மகிழ்ந்திருப்போம். எதை இழந்தோம் என்பதே தெரியாமல் போயிருக்கும். கம்பனுக்கு அந்த நற்பேறு முழுதாக வாய்க்கவில்லை. 'வெள்ளி பாடல்கள்' என்று பெயர் வைத்துச் சொல்லும் அளவுக்கு அவன் காவியத்தில் இடைச்செருகல் புகுந்தது. அவற்றைப் பிரித்து மிகைப்பாடல்கள் என ஒதுக்கப் பின்வந்த பதிப்பாசிரியர்கள் பட்ட பாடு, அண்ணாச்சி உளியும் சுத்தியலுமாக என் வண்டியில் பட்ட பாட்டுக்கு எவ்வகையிலும் குறைந்ததன்று.

வகுப்பில் இடைச்செருகலைக் கடிந்து பேசும் நாம், வாழ்வில் பட்டியை விரும்புகிறவர்களாக இருக்கிறோம் என்பதே என் குற்றச்சாட்டு. கோயில் திருப்பணி என்றால் கல்வெட்டின் மேல் எனாமல் பெயிண்ட் அடிப்பது, மணலைப் பீய்ச்சிச் சிற்பத்தின் மூக்கைத் தேய்ப்பது என்று ஒரு காலம் முழுதும் பழகினோம். ஆய்வேடு என்றால் முந்தைய ஆய்வேட்டின் மேல் புதிய முன்னுரை. 'புதுசு மாதிரி இருக்கிறது' என்பதே நம் ஊரில் ஒரு பழுதுபார்ப்புக்குக் கிடைக்கும் மிக உயர்ந்த பாராட்டு. 'பழையது நன்றாக இருக்கிறது' என்று எவரும் சொல்லிக் கேட்டதில்லை.

*

இனி, நண்பரின் மூன்று குற்றச்சாட்டுகளுக்கு வருகிறேன்.

நினைவேக்கம் என்றார். எனக்கு அந்த வண்டியைப் பற்றி நினைவே கிடையாது. என் தந்தையிடம் மிதிவண்டிதான் இருந்தது. 1983 டிசம்பர் 14 அன்று இந்திரா காந்தி முதல் மாருதியின் சாவியைக் கொடுத்தபோது எங்கள் தெருவில் கார் வைத்திருந்தவர் எவருமில்லை. 2014 ஜனவரியில் அதன் உற்பத்தி நின்றபோது நான் கண்ணீர் விடவுமில்லை. 25 லட்சத்துக்கும் மேல் உற்பத்தியான, மிகச் சாதாரணமான பொருள் அது. உண்மையில் நினைவேக்கம் செய்வதைத்தான் பட்டியும் செய்கிறது. 'எங்கள் வீட்டு முதல் கார்' என்று வார இதழ்களில் வரும் கட்டுரைகளைப் பாருங்கள். இருக்கையின் வாசனை இருக்கும், முதற்பயணத்தின் மழை இருக்கும், மிதியடிக்குக் கீழே என்ன இருந்தது என்பது ஒரு வரிகூட இருக்காது. துருவைச் சுரண்டுகிறவன் ஏங்கிக்கொண்டிருக்க முடியாது. எது போய்விட்டது, எது எஞ்சியிருக்கிறது என்று அங்குலம் அங்குலமாகக் கணக்கெடுக்க வேண்டியிருக்கிறது அவனுக்கு.

வீண் என்றார். இதற்குச் சற்று விரிவாகப் பதில் சொல்ல வேண்டும். ஏனெனில் இது இப்போது தனிமனிதர் கருத்தாக மட்டும் இல்லை. சட்டத்தின் கருத்தாகவும் ஆகிவருகிறது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி ஒரு காரின் பதிவு 15 ஆண்டு செல்லும். பிறகு ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த அந்தக் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 5,000 ஆயிற்று. 20 ஆண்டைக் கடந்த கார்களுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆக்கினார்கள். இதே காலத்தில், 2021 ஜூலையில், இன்னொரு விதியும் வந்தது. 50 ஆண்டைக் கடந்த வாகனம் தன் மூல வடிவிலேயே காக்கப்பட்டிருந்தால் அது 'பழம்பெரும் வாகனம்'. அதற்கென்று தனிப் பதிவு எண் வரிசை. அன்றாடப் போக்குவரத்துக்கு ஓட்டக்கூடாது, கண்காட்சிக்கும் அணிவகுப்புக்கும் ஓட்டலாம்.

இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் படியுங்கள். ஐம்பதைத் தாண்டினால் மரபுச் செல்வம். அதற்கு முந்தைய 35 ஆண்டும் அது சந்தேகத்துக்குரிய பொருள். என் வண்டி 2047இல் மரபுச் செல்வமாகும். அதுவரை அது உயிரோடிருக்க வேண்டுமானால் யாரோ ஒருவர் அதைக் காயலான் கடைக்குப் போகாமல் காத்திருக்க வேண்டும். கொட்டகையும் வேலையாளும் வைத்திருப்பவரால் அந்த 35 ஆண்டைக் கடக்க முடியும்; ஓய்வுபெற்ற தலைமையாசிரியரால் முடியாது. ஆகவே ஐம்பதாண்டுக்குப் பிறகு அணிவகுப்பில் எவருடைய கார்கள் எஞ்சியிருக்கும் என்பதை இன்றைய கட்டணப் பட்டியலே ஓரளவு தீர்மானித்துவிடுகிறது. அரண்மனை ஏடுகள் மட்டும் தப்பி, கிராமத்துப் புலவர் வீட்டுச் சுவடிகள் ஆடிப்பெருக்கில் ஆற்றோடு போன கதைதான் இது.

புகையைப் பற்றிய குற்றச்சாட்டில் உண்மை இருக்கிறது. அதை மறைத்தால் நானும் பட்டி பூசுகிறவனாவேன். புதிய பெட்ரோல் கார்களில் வினையூக்கி மாற்றி 1995இல் நான்கு பெருநகரங்களில் கட்டாயமாயிற்று; அவற்றுக்கு வெளியே பதிவான என் வண்டியில் அது இல்லை. ஒரு கிலோமீட்டருக்கு அது விடும் நச்சு புதிய காரைவிட அதிகம். பெருநகர நெரிசலில் நாள்தோறும் ஓடுவதற்கு அது தகாது. அதில் காற்றுப்பையும் இல்லை. நால்வழிச் சாலையில் லாரிகளுக்கிடையே நான் அதை ஓட்டுவதில்லை. மகளை அதில் திருச்செந்தூருக்கு மீண்டும் அழைத்துப் போகவுமில்லை.

ஆனால் கரிக்கணக்கு என்று வந்தால் வேறொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. நான் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர் ஓட்டுகிறேன். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் என்றால் 200 லிட்டர். லிட்டருக்குச் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு. ஆக 460 கிலோ. லிட்டருக்கு 20 கிலோமீட்டர் தரும் புதிய கார் எனக்கு ஆண்டுக்கு 115 கிலோ மிச்சப்படுத்தும். ஒரு டன் எஃகைத் தாதுவிலிருந்து ஆக்குவதற்கே சுமார் 2 டன் கரியமில வாயு வெளியாகிறது. புதிய கார் ஒன்றை உருவாக்கும் செலவை மொத்தமாக 3 டன் என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும், அந்த மிச்சம் அதை ஈடுகட்ட 26 ஆண்டு வேண்டும். தினமும் நூறு கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு இக்கணக்கு நேரெதிராக முடியும். ஆகவே வயதை மட்டும் பார்த்துத் தீர்ப்பெழுதக் கூடாது என்கிறேன். எவ்வளவு ஓடுகிறது, எங்கே ஓடுகிறது, அடியில் தகரம் இருக்கிறதா என்று பார்க்கட்டும். 28 வயது வண்டியில் நல்ல தகரமும் இருக்கலாம்; 8 வயது வண்டியில் செய்தித்தாளும் இருக்கலாம். பெயிண்டைப் பார்த்து ஏமாறும் வாங்குபவருக்கும், ஆண்டை மட்டும் பார்த்துக் கட்டணம் விதிக்கும் விதிக்கும் வேறுபாடு அதிகமில்லை. இருவருமே காந்தத்தை எடுப்பதில்லை.

*

மூன்றாவது குற்றச்சாட்டுத்தான் என்னை அதிகம் தைத்தது. பிறர் பிழைப்பை நான் பொழுதுபோக்காக்கிக்கொண்டேனா?

நான் செய்ததையும் செய்யாததையும் சொல்கிறேன். மிதியடி, இருக்கை, கதவுத் தட்டிகளைக் கழற்றியது, பழைய பட்டியைக் கொத்தி எடுத்தது, கம்பி பிரஷ்ஷாலும் உப்புத்தாளாலும் துருவைத் தேய்த்தது, வடிகால் துளைகளைத் திறந்தது, முடிவில் உட்கூடுகளுக்குள் மெழுகெண்ணெய் பீய்ச்சியது ஆகியவை என் வேலை. நான்கு மாத மாலைப்பொழுதுகள் அதில் போயின. தகரத்தை வெட்டிப் பற்றவைத்தது அண்ணாச்சி. பேட்டரி இணைப்பைக் கழற்றி, பெட்ரோல் டாங்கை இறக்கி அப்புறப்படுத்தி, ஈரச்சாக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் அவர் தீயைத் தொட்டார். துரு எங்கே முடிகிறதோ அங்கே வெட்டவில்லை. பளபளக்கும் நல்ல இரும்பு தென்படும் வரை உள்ளே போய் வெட்டினார். ஒரே இழுப்பில் பற்றவைத்தால் சூட்டில் தகரம் நெளியும் என்று இங்கொரு புள்ளி, அங்கொரு புள்ளியாக வைத்து, ஆறவிட்டு, இடைவெளிகளை நிரப்பினார். அதை நான் செய்ய முயன்றிருந்தால் நண்பரின் குற்றச்சாட்டு முழுக்கச் சரியாகியிருக்கும்.

ஒருநாள் தேநீர் குடிக்கும்போது கேட்டேன். "அண்ணாச்சி, இவ்வளவு தெரிந்த நீங்களும் பட்டி வேலை செய்கிறீர்களே?" கோபப்படவில்லை அவர். "வெட்டி வச்சா நாலு பங்கு கூலி சார். முடிச்சுப் பார்த்தா ரெண்டும் ஒண்ணு போலத்தான் தெரியும். கண்ணுக்குத் தெரியாத வேலைக்கு யாரு சார் காசு தருவா?"

என் நண்பருக்கு இதைத்தான் பதிலாகச் சொல்ல விரும்புகிறேன். கேட்பவர் பொய்யைக் கேட்கும்போது செய்பவர் பொய்யைச் செய்கிறார். கேட்பவர்கள் நாம்தான், சம்பளக்காரர்கள், படித்தவர்கள், உழைப்பின் மேன்மையைப் பற்றி மேடையில் பேசுபவர்கள். நம் கதைகளில் கொல்லரும் தச்சரும் டிங்கரும் நிறைய வருகிறார்கள். வியர்வை வருகிறது, காய்த்த கை வருகிறது. அவர்கள் செய்வதில் எது நல்ல வேலை, எது கெட்ட வேலை என்ற அறிவு வருவதில்லை. அந்த அறிவு இல்லாதவருடைய மரியாதையால் தொழிலாளிக்கு என்ன பயன்? நான்கு மாதம் துருவைச் சுரண்டியதால் நான் டிங்கராகிவிடவில்லை. அவர் கேட்ட நாலு பங்கு கூலியைப் பேரம் பேசாமல் கொடுக்க வேண்டிய காரணம் எனக்கு விளங்கியது, அவ்வளவே.

இன்னொன்றும் விளங்கியது. துருவின் மிச்சத்தை அடக்க ஒரு கரைசல் பூசுகிறார்கள். அவற்றுள் ஒரு வகையில் இருப்பது டானிக் அமிலம், துவர்ப்புப் பொருள். அது துருவோடு வினைபுரிந்து கருநீலமாகி இறுகிவிடும். நம் முன்னோர் கடுக்காயையும் அன்னபேதியையும் கலந்து மை காய்ச்சினார்களே, அதே வேதியியல்தான். அன்னபேதி இரும்பின் உப்பு, கடுக்காய் துவர்ப்பு. வண்டியின் தரை என் கண்முன் செம்மையிலிருந்து கருமைக்கு மாறியபோது, எழுத்தும் இரும்பும் ஒன்றுக்கொன்று அவ்வளவு அந்நியமானவை என்று இனிச் சொல்ல மாட்டேன் என எண்ணிக்கொண்டேன்.

*

வேலை முடிந்துவிட்டது. பற்றவைத்த இடங்களைப் பட்டி இழுத்து மறைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இணைப்புகளில் ஈரம் புகாத பசை, அதன்மேல் பிரைமர், அதன்மேல் பெயிண்ட், அவ்வளவுதான். மிதியடியைத் தூக்கினால் பதினோரு தழும்புகளும் தெரியும். எது பழைய தகரம், எது புதிய தகரம் என்று யார் வேண்டுமானாலும் விரலால் தடவிச் சொல்லலாம். "இவ்வளவு செலவு செய்துவிட்டு வடுவை ஏன் அப்படியே விட்டீர்கள் மாப்பிள்ளை?" என்று என் மாமனார் கேட்டார். அடுத்து வாங்குகிறவருக்குத் தெரிய வேண்டும் மாமா என்றேன். அவர் திருப்தி அடைந்ததாகத் தெரியவில்லை. 2027இல் பதிவைப் புதுப்பிக்கப் போகும்போது ஆய்வாளரும் இதே கேள்வியைக் கேட்கக்கூடும். அவரிடமும் இதையே சொல்வேன். பையில் காந்தத்தையும் எடுத்துப் போவேன்.

விமர்சக நண்பருக்கு ஓர் அழைப்பு. ஒரு ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். நீங்கள் வைத்திருக்கும் ஆறு வயது காரிலேயே வாருங்கள். கால்மிதியைத் தூக்கி, ஒரு துண்டுக் கம்பியால் கதவடித் துளைகளைச் சேர்ந்தே குத்திவிடுவோம். அரை மணி நேரம் ஆகும். விவாதத்தை அதன் பிறகு வைத்துக்கொள்ளலாம்.